நூற்றுக்கு எத்தனை?

“அக்கராயன் உடைந்துவிட்டது. மிச்சம் ஒன்றுமில்லை.”

2023 மார்கழியில் ஒரு மழை இரவு, மைத்துனருக்குத் தொலைபேசியில் நான் சொன்ன வசனங்கள் இவை. குசினியில் நின்ற மாமியின் காதில் விழுந்துவிட்டது. மாமாவுக்கு அக்கராயன் குளத்தின் கீழ் வயல் இருக்கிறது. பெரும்போக நெல் குடலைப் பருவத்தில் நின்றது. நான் தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் மாமா சாரத்தை மடித்துக் கட்டி, டோர்ச்சும் கையுமாக முற்றத்தில் இறங்கியிருந்தார். 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்ததைப் பார்த்த மனிதர். அப்படிப்பட்டவரின் வீட்டில், மழை கொட்டும் இரவில், குளம் உடைந்தது என்று ஒருவன் சொன்னால் வேறென்ன நடக்கும்?

அக்கராயன் என்பது என் கணினிக்குள் ஓடிய இன்னொரு கணினியின் பெயர். இதை மாமாவுக்கு விளக்கி, அவரைத் திரும்பவும் வீட்டுக்குள் கூட்டிவர இருபது நிமிடம் ஆனது. விளங்கிய பிறகு அவர் ஒரேயொரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்வியைப் பிறகு சொல்கிறேன்.

கணினிக்குள் ஓடும் இப்படியான கணினிக்கு மெய்நிகர் இயந்திரம் என்று பெயர். அதை நான் மாணவர்களுக்கு இப்படித்தான் சொல்வேன்: ஒரு வளவு, அதற்குள் நான்கு குடித்தனம். கிணறு ஒன்று, மதில் ஒன்று. அடுப்பு மட்டும் நான்கு. ஒவ்வொரு குடும்பமும் இந்த வளவே தனக்குத்தான் என்று நம்பிக்கொண்டு வாழ்கிறது. இது புதுமையான யோசனையும் இல்லை. ஐபிஎம் நிறுவனம் 1972ஆம் ஆண்டிலேயே தன் பெருங்கணினிகளுக்கு இப்படியொரு முறைமையை விற்பனைக்கு விட்டது. அப்போது அறையை நிறைக்கும் இயந்திரம் தேவைப்பட்ட வேலையை, இன்று கிளிநொச்சியில் என் விறாந்தை மூலையில் இருக்கும் பாவித்த அலுவலகக் கணினி செய்கிறது. 16 ஜிபி நினைவகம், ஒரு சிறிய எஸ்எஸ்டி, ஒரு பழைய ஹார்ட் டிஸ்க். அவ்வளவுதான் முதல்.

என் நான்கு குடித்தனங்களுக்கும் குளங்களின் பெயர் வைத்தேன். இரணைமடு வீட்டுப் படங்களையும் கோப்புகளையும் சேமித்து வைக்கும் லினக்ஸ் சேர்வர். அக்கராயன் மைத்துனரின் அரிசி ஆலைக் கணக்கு. வவுனிக்குளம் மாணவர்கள் உடைத்துப் பழகுவதற்கு. முத்தையன்கட்டு விண்டோஸ் எக்ஸ்பி.

எக்ஸ்பி ஏன் என்று கேட்பவர்கள் எங்கள் ஊர்களில் தட்டச்சுக் கடை நடத்தியவர்களாக இருக்க முடியாது. மைக்ரோசொஃப்ட் 2014 ஏப்ரல் 8ஆம் திகதியோடு எக்ஸ்பியைக் கைவிட்டது. பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட கோயில் மலர்களையும் இறந்தவர் நினைவாக அச்சிடும் கல்வெட்டுப் புத்தகங்களையும் சங்க அறிக்கைகளையும் நாங்கள் எப்படிக் கைவிடுவது? பாமினி, எல்லாக் கணினிக்கும் பொதுவான யுனிகோடு முறையில் அமைந்ததல்ல. ஆங்கில விசைகளின் மேல் தமிழ் வடிவங்களைப் போர்த்திய எழுத்துரு அது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் போர்வை விலகிவிடும். ‘தமிழ்’ என்ற சொல்லே ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். எழுத்தை மட்டும் யுனிகோடுக்கு மாற்ற மாற்றிகள் இருக்கின்றன. ஆனால் பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்த ஒரு முழு மலரை, அதன் படங்களும் பத்திகளும் குலையாமல் திறப்பதற்கு அந்தக் காலத்து மென்பொருளும் அந்தக் காலத்து விண்டோஸும் வேண்டும். எனவே முத்தையன்கட்டு, இணைய இணைப்பே இல்லாமல், காட்சிப் பெட்டிக்குள் வைத்த தாத்தாவின் கைக்கடிகாரம் போல ஓடிக்கொண்டிருக்கிறது.

இவற்றை ஓட்டுவதற்கு வேர்ச்சுவல்பொக்ஸ் என்ற மென்பொருள். 2007இல் இன்னோடெக் என்ற ஜெர்மன் நிறுவனம் வெளியிட்டது. அடுத்த ஆண்டு சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் வாங்கியது. 2010இல் சன்னையே ஒரக்கிள் வாங்கியது. இலவசம், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும், மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கச் சுலபம். அதைத் தேர்ந்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

இந்த ஏற்பாட்டில் உள்ள பெரிய வசதியும் பெரிய பொறியும் ஒன்றேதான். ஒரு முழுக் கணினி, அதன் இயங்குதளம், மென்பொருள், தரவு எல்லாம் சேர்ந்து ஒரு கோப்புறைக்குள் அடங்கிவிடுகிறது. உள்ளே எட்டிப் பார்த்தால், இயந்திரத்துக்கு எவ்வளவு நினைவகம், எந்தத் தட்டு (டிஸ்க்) என்று எழுதிய சிறிய அமைப்புக் கோப்பு ஒன்று. தட்டின் உள்ளடக்கமாகிய விடிஐ என்ற பெரிய கோப்பு ஒன்று. பார்த்தவுடன் எவனுக்கும் தோன்றுவது: கோப்புத்தானே, கொப்பி எடுத்தால் முடிந்தது.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒவ்வொரு ஞாயிறும் அக்கராயனை முறையாக நிறுத்தி, அந்த 18 ஜிபி விடிஐ கோப்பை வெளித்தட்டு ஒன்றுக்குக் கொப்பி எடுத்து, திகதி எழுதிய கோப்புறையில் வைத்தேன். ஒரு ஞாயிறும் தவறவில்லை. கோயிலுக்குப் போகத் தவறிய ஞாயிறுகள் உண்டு. ஆடிக் கடைசியில் இருந்து மார்கழி வரை 21 கொப்பிகள். பார்க்கவே மனதுக்கு நிறைவாக இருக்கும், வரிசையாக அடுக்கிய நெல் மூட்டைகளைப் போல.

மார்கழியில் உள் ஹார்ட் டிஸ்க் டிக், டிக் என்று தட்ட ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அதற்குப் பிறகு செய்வதற்கு அதிகம் இல்லை. நான் பதற்றப்படவில்லை என்பதைத்தான் இப்போது வெட்கத்தோடு நினைத்துக்கொள்கிறேன். மனைவியிடம் தேநீர் போடச் சொல்லிவிட்டு, புதுத் தட்டு ஒன்றைப் பூட்டி, கடைசி ஞாயிற்றின் கொப்பியை எடுத்து வைத்து, அக்கராயனை எழுப்பினேன். எழும்பியது. கணக்கு மென்பொருளும் திறந்தது. கடைசிப் பதிவு ஆடி மாதத்துடையது.

ஏதோ கோப்பு மாறிவிட்டது என்று நினைத்து, அதற்கு முந்திய ஞாயிற்றின் கொப்பியை எடுத்தேன். ஆடி. அதற்கும் முந்தியது. ஆடி. கார்த்திகை, ஐப்பசி, புரட்டாதி என்று பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தேன்; எல்லாக் கோப்புறைக்குள்ளும் ஆடி மாதத்து ஒரே நாள் உட்கார்ந்திருந்தது. தேநீர் ஆறிப்போனது. சிறுபோக அறுவடையில் ஆலை வாங்கிய நெல், குற்றிய அரிசி, கொடுத்த கடன், வரவேண்டிய பணம், எல்லாம் அந்த ஐந்து மாதத்துக்குள்.

நடந்தது இதுதான். ஆடியில் கணக்கு மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றும் முன், புத்திசாலித்தனமாக ஒரு ஸ்னாப்ஷொட் எடுத்தேன். பிழை நேர்ந்தால் பழைய நிலைக்குத் திரும்பலாம் என்ற எண்ணம். புதிய பதிப்பு நன்றாக வேலை செய்தது; ஸ்னாப்ஷொட்டை மறந்துபோனேன். ஸ்னாப்ஷொட் என்றால் பழைய நிலை வேறொரு இடத்தில் எடுத்து வைக்கப்படும், பெரிய கோப்பில் புதியது தொடர்ந்து எழுதப்படும் என்று நான் நம்பியிருந்தேன். உண்மை முழுக்கத் தலைகீழ். ஸ்னாப்ஷொட் எடுத்த கணத்தில் பெரிய விடிஐ கோப்பு பூட்டப்படுகிறது; அதற்குப் பிறகு யாரும் அதில் எழுதுவதில்லை. புதிய எழுத்தெல்லாம் ஸ்னாப்ஷொட்டுகளுக்கென்று இருக்கும் உள் கோப்புறையில், வாயில் நுழையாத நீண்ட இலக்கப் பெயரோடு பிறக்கும் இன்னொரு சிறிய கோப்புக்குள் போகிறது. இயந்திரம் ஓடும்போது இரண்டையும் சேர்த்துப் படித்து ஒன்றாகக் காட்டுகிறது.

ஆலைக் கணக்கெழுதுபவர் பேரேட்டை ஒரு நாள் கயிறு போட்டுக் கட்டி வைத்துவிட்டு, அடுத்த நாளில் இருந்து எல்லாவற்றையும் தனித் தாள்களில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் வாரந்தோறும் வந்து, தாள்களைத் தொடாமல், கட்டிய பேரேட்டை மட்டும் படி எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன். 21 தடவை. தாள்கள் தட்டோடு போய்விட்டன.

துப்பு கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது. விடிஐ கோப்பின் மாற்றப்பட்ட திகதி ஐந்து மாதமாக அசையவே இல்லை. கோப்பின் அளவும் ஒரு பைட் கூட மாறவில்லை. ஷா-256 என்று ஒரு கணிப்பு இருக்கிறது; கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் முற்றிலும் வேறு விடை தரும். அதை ஒரேயொரு ஞாயிறு போட்டுப் பார்த்திருந்தால், போன வாரத்து விடையே இந்த வாரமும் வருவதைக் கண்டு விழித்திருப்பேன். நான் திகதியைக் கோப்புறையின் மேல் எழுதினேனே தவிர, உள்ளே இருந்த திகதியைப் பார்க்கவில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பலரும் தடுக்கி விழும் இடம் என்பதால். ஸ்னாப்ஷொட்டை ‘நீக்கு’ என்றால் புதிய எழுத்து எதுவும் அழிந்துவிடாது; தனித் தாள்கள் பேரேட்டோடு சேர்த்து எழுதப்படும். அதற்கு நேரமும் தட்டில் வெற்றிடமும் வேண்டும். நடுவில் மின்சாரம் போனால் பேரேடும் போகலாம், தாளும் போகலாம். ‘மீளமை’ என்றால்தான் புதிய எழுத்து கைவிடப்படும். பெயர்களைப் பார்த்துப் பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படாமலும், பயப்படத் தேவையில்லாத இடத்தில் பயந்தும் நாங்கள் இருக்கிறோம்.

கணக்கை மீட்டது கணினி அல்ல. ஆலைக் கணக்கப்பிள்ளை சிட்டைகளைக் கம்பியில் குத்தி வைக்கும் பழக்கமுள்ளவர். “எல்லாம் கம்பியில் இருக்கிறது, தம்பி” என்று மூன்று கம்பிகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அவற்றின் நுனியில் ஆவணி மாதத்துத் தூசி. நானும் மனைவியுமாக ஒன்பது இரவுகள் இருந்து ஒவ்வொரு சிட்டையாகப் பதிந்தோம். இரண்டு சிட்டைகளில் மை கரைந்து வாசிக்க முடியவில்லை. கொண்டுவந்த விவசாயிகளிடமே கேட்டு எழுதினோம். இருவரும் தங்கள் குறிப்புப் புத்தகத்தில் இருந்த கணக்கைச் சதம் பிசகாமல் சொன்னார்கள்.

இனி மாமாவின் கேள்வி. அன்றிரவு டோர்ச்சை அணைத்து வைத்து, சாரத்தை உதறிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டவர் சொன்னார்: “21 மூட்டை விதைநெல் கட்டி வைத்தீர். சரி. முளைக்கப் போட்டுப் பார்த்தீரா?”

விதைநெல்லை அவர் நேரே வயலுக்குக் கொண்டுபோவதில்லை. மூட்டையின் அடி, நடு, மேல் என்று மூன்று இடத்தில் இருந்து கை விட்டு எடுத்து, நூறு மணிகளை எண்ணி, ஈரச் சாக்குத் துண்டில் பரப்பிச் சுருட்டி வைப்பார். சில நாள் கழித்துப் பிரித்து, முளை விட்டவற்றை எண்ணுவார். எண்பதுக்குக் கீழே என்றால் அந்த மூட்டை குற்றுவதற்குப் போகும். நெல் பார்க்க எவ்வளவு மஞ்சளாக, கனமாக இருந்தாலும் அதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. நான் 21 மூட்டைகளின் வாயைக் கட்டி, மேலே திகதி எழுதி, அழகு பார்த்தவன்.

காப்புப் பிரதி என்ற சொல்லையே கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்தது அதன் பிறகுதான். அந்தச் சொல் பிரதி எடுப்பதோடு நின்றுவிடுகிறது. எழுப்பிப் பார்ப்பது அதற்குள் இல்லை.

எங்கள் வீட்டில் காப்பைப் பற்றி என்னைவிட நன்றாக அறிந்தவர் அம்மா. அவரிடம் ஒரு பொலித்தீன் பை இருந்தது. பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டைகள், பள்ளிக்கூட அறிக்கைகள், காணிப் பெர்மிட். இடம்பெயர்ந்த ஒவ்வொரு முறையும் சோற்றுப் பானைக்கு முன் அந்தப் பை எடுபடும். மூலங்கள் அம்மாவின் மடியில். போட்டோகொப்பிகள் அக்காவின் பள்ளிக்கூடப் பையில். ஏன் இரண்டு பேரிடமும் என்று சின்ன வயதில் கேட்டேன். “நாங்கள் இருவரும் ஒரே இடத்தில் நிற்போம் என்று யார் சொன்னது?” என்றார். புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரவச் செய்த 3-2-1 என்ற விதியைப் பல ஆண்டுகள் கழித்து வாசித்தேன்: மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறிடத்தில். பெரும்பகுதி எனக்கு முன்பே சொல்லித்தரப்பட்டிருந்தது.

சித்தப்பாவின் வீட்டில் அப்படியொரு பை இருக்கவில்லை. பதிவையும் தேடி எடுக்க முடியவில்லை. அவரிடம் இப்போது இருப்பது உத்தேச வயதுச் சான்றிதழ். மூலமும் இல்லை, பிரதியும் இல்லை என்றால் அரசு தரக்கூடியது அதுதான்: இவருக்கு இவ்வளவு வயது இருக்கலாம் என்ற மதிப்பீடு. ஆலைக் கணக்கில் அந்தக் கரைந்த சிட்டைகள் இரண்டையும் பதிந்தபோது, எனக்கு அவருடைய ஞாபகம் வந்தது.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். முதலாவதாக, இயந்திரத்தையும் அதற்குள் இருக்கும் தரவையும் வேறாக்கிக்கொண்டேன். அக்கராயன் முழுதாக 18 ஜிபி. ஆனால் அதில் இயங்குதளமும் மென்பொருளும்தான் பெரும்பங்கு. அவற்றை ஒரு மாலைப்பொழுதில் மறுபடி நிறுவலாம். திரும்பக் கிடைக்காதது தரவுத்தளம் மட்டுமே. அதை எழுத்து வடிவில் ஒரு கோப்பாகக் கொட்டிச் சுருக்கினால் சில எம்பி. அது ஒவ்வொரு இரவும் தானாக நடக்கிறது. மின்னஞ்சலில் அனுப்பக்கூடிய அளவு. முழு இயந்திரம் மாதம் ஒருமுறை போதும்.

இரவுக் கொட்டலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் தட்டுக் கோப்பைக் கொப்பி எடுப்பது, லொறியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருக்கும்போது களஞ்சியத்தின் மூட்டைகளை எண்ணுவதைப் போன்றது. நீங்கள் இந்த மூலையில் இருந்து எண்ணிக்கொண்டு போகும்போது அந்த மூலையில் மூட்டைகள் இடம் மாறுகின்றன. சில இரண்டு தரம் எண்ணப்படும், சில எண்ணப்படாமலே போகும். தரவுத்தளத்தின் சொந்தக் கருவியால் கொட்டினால், அது அந்தக் கணத்துக் கணக்கை ஒரு நேர்கோட்டில் நிறுத்தித் தரும். அல்லது இயந்திரத்தை முழுதாக நிறுத்திவிட்டு எடுக்க வேண்டும். நடுவழி வேண்டாம்.

மாதப் பிரதிக்கு இப்போது விடிஐயைத் தொடுவதில்லை; வேர்ச்சுவல்பொக்ஸின் ஏற்றுமதி வசதியால் ஓவிஏ என்ற ஒற்றைக் கோப்பாக எடுக்கிறேன். ஸ்னாப்ஷொட் எத்தனை இருந்தாலும், இன்றைய நிலையைத் தாள்களோடு பேரேட்டையும் சேர்த்து ஒன்றாக்கித் தருகிறது. அமைப்புகளும் உள்ளே இருக்கும். இயந்திரம் நிறுத்தப்பட்டிருந்தால்தான் எடுக்கலாம் என்பதால் சோம்பேறித்தனத்துக்கும் இடமில்லை.

வேறிடம் என்பது புதுக்குடியிருப்பில் அக்காவின் வீடு. முகில் சேமிப்பு இருக்கும்போது பஸ்ஸில் ஏன் என்று இங்கிலாந்தில் இருக்கும் நண்பன் சிரிக்கிறான். கணக்கைப் பாருங்கள். நான்கு இயந்திரங்களும் சேர்ந்து ஏற்றுமதியில் ஏறத்தாழ 40 ஜிபி. எனக்குக் கிடைக்கும் பதிவேற்ற வேகம் நொடிக்கு 5 மெகாபிட் என்று வைத்தாலும், ஏறத்தாழ 18 மணி நேரம் இடைவிடாமல் ஏற வேண்டும். டேட்டா பக்கேஜ் அதற்கு முன்பே உயிரை விட்டுவிடும். அதே 40 ஜிபி வெளித்தட்டுக்கு நொடிக்கு 100 எம்பி வேகத்தில் ஏழு நிமிடத்தில் ஏறுகிறது. பிறகு பரந்தன் சந்தி, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு. தட்டைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போகிறேன். 2009இல் அம்மா அந்தப் பையோடு இதே வீதியால் நடந்தவர். அக்காவின் அலுமாரியில் இப்போது பையும் தட்டும் ஒரே அடுக்கில் இருக்கின்றன.

மற்ற விபத்துகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முத்தையன்கட்டின் ஓவிஏ 6 ஜிபி; 32 ஜிபி பென் ட்ரைவ் அதை வாங்க மறுத்தது. ட்ரைவ் ஃபாட்32 என்ற பழைய சேமிப்பு முறையில் இருந்தது. அதில் தனியொரு கோப்பு 4 ஜிபியைத் தொட முடியாது. எக்ஸ்ஃபாட் முறைக்கு மாற்றியதும் சரி. ஐப்பசி இடிமின்னலில் ரவுட்டர் கருகியது. அதன் பிறகு வெளித்தட்டைக் கொப்பி முடிந்ததும் கழற்றிவிடுகிறேன், மழை இல்லாத நாளிலும்.

மின்வெட்டு மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டியது. 2022 பங்குனி இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் இல்லை. என் யூபிஎஸ்ஸின் 7 ஆம்பியர்-மணி பட்டரி, நன்றாக இருந்த காலத்திலேயே சில நிமிடம்தான் தாங்கும். அந்தக் கோடையில் அது எழுந்து நிற்பதற்குள் விழுந்தது. அப்படியொரு வெட்டுக்குப் பிறகு திறந்தபோது இரணைமடுவின் பெயருக்குப் பக்கத்தில் ‘அணுக முடியவில்லை’ என்று வந்தது. அதன் அமைப்புக் கோப்பு பூச்சிய பைட். நல்லவேளையாக, வேர்ச்சுவல்பொக்ஸ் அமைப்பின் முந்திய பதிப்பை ‘பிரெவ்’ என்ற வாலோடு பக்கத்திலேயே வைத்திருக்கிறது. அதன் பெயரை மாற்றி வைத்ததும் இரணைமடு எழும்பியது. அன்று அவ்வளவு சுலபமாக எழும்பியதுதான் அடுத்த ஆண்டு என்னை மெத்தனமாக்கியது என்று இப்போது தோன்றுகிறது. 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு கை வைத்து நாடே இருண்டபோது, என் நான்கு குளங்களும் முறையாக நிறுத்தப்பட்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமை. அந்த மாதத்துக் கொப்பி எடுக்கும் நாள்.

முளைக்கப் போடுவதற்கென்று ஒரு பழைய மடிக்கணினி வைத்திருக்கிறேன். இதையும் அடிபட்டுத்தான் கற்றேன். முதல் தடவை, கொப்பி எடுத்த விடிஐயை அதே கணினியில் சேர்க்கப் பார்த்தேன், ஏற்க மறுத்தது. ஒவ்வொரு தட்டுக் கோப்புக்குள்ளும் ஓர் அடையாள இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். கொப்பிக்கும் மூலத்துக்கும் அது ஒன்றே. ஒரே அடையாள அட்டையோடு இருவர் வாசலில் நின்றால் காவலாளி என்ன செய்வார்? இலக்கத்தை மாற்றக் கட்டளை உண்டு. நான் வேறு கணினியில் போட்டுப் பார்ப்பதையே விரும்புகிறேன்; என்றாவது இந்த விறாந்தைக் கணினியே இல்லாமல் போனால் வேறு கணினியில்தானே எழுப்ப வேண்டும். இன்னொன்று: எழுப்பும் முன் வலை இணைப்பைத் துண்டித்துவிடுகிறேன். இல்லாவிட்டால் வீட்டு வலைக்குள் இரண்டு அக்கராயன்கள் ஒரே முகவரிக்குச் சண்டை பிடிக்கும். எழும்பிய பிரதி, தன்னை மூலம் என்று எண்ணிக்கொண்டு இரவு வேலைகளை ஆரம்பித்துவிடும்.

எழும்பினால் மட்டும் நான் இப்போது திருப்திப்படுவதில்லை. ஆடி மாதத்து அக்கராயனும் எழும்பத்தான் செய்தது. கடைசிப் பதிவின் திகதியைப் பார்க்கிறேன். கம்பியில் இருந்து ஒரு சிட்டையை உருவி, அந்தத் தொகை உள்ளே இருக்கிறதா என்று தேடுகிறேன். இறக்குமதி தொடங்கியதில் இருந்து அந்தத் தொகையைக் கண்ணால் காணும் வரை எத்தனை நிமிடம் என்று சுவர்க் கலண்டரில் எழுதுகிறேன். முதல் தடவை இரண்டரை மணி நேரம், அதில் பாதி கடவுச்சொல்லைத் தேடுவதில் போனது. இப்போது 35 நிமிடம்.

அறிவியல் நகரில் படித்த ஒரு மாணவன் இதையெல்லாம் விட்டுவிட்டு புரொக்ஸ்மொக்ஸ் என்ற இன்னொரு மெய்நிகர் இயந்திர முறைமைக்கு மாறச் சொல்லிக்கொண்டே இருக்கிறான். அவன் சொல்வது சரிதான். ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தையே, உள்ளே இருக்கும் உதவி நிரலிடம் ஒரு கணம் எழுத்தை நிறுத்தச் சொல்லிப் பிரதி எடுக்கும். கால அட்டவணை, பழையவற்றைக் கழித்தல் எல்லாம் அதற்குள்ளேயே உண்டு. அதற்கென்று ஒரு கணினியை ஒதுக்க வேண்டும் என்பதுதான் எனக்குத் தடை. அடுத்த போகத்தில் ஆலைக்கு நல்ல விலை கிடைத்தால் பார்க்கலாம்.

நேற்று மாதத்தின் முதல் ஞாயிறு. மடிக்கணினியில் நான்கையும் போட்டேன். இரணைமடு எழும்பியது. அக்கராயன் எழும்பியது, வெள்ளிக்கிழமைச் சிட்டை உள்ளே இருந்தது. வவுனிக்குளத்தையும் மாணவர்கள் உடைத்து வைத்த அதே கோலத்தில் கண்டேன். முத்தையன்கட்டு பாதி இறக்குமதியில் நின்றுவிட்டது. ஷா-256 போட்டுப் பார்த்தேன். எடுத்த அன்று எழுதி வைத்த விடைக்கும் இப்போதைய விடைக்கும் சம்பந்தமே இல்லை. பென் ட்ரைவ் பழுது.

மாமா விறாந்தையில் மண்வெட்டிக்குப் பிடி இறுக்கிக்கொண்டிருந்தார். “நூற்றுக்கு எத்தனை?” என்றார் நிமிராமலே.

“நாலுக்கு மூன்று, மாமா.”

கொஞ்சம் யோசித்தார். “எழுபத்தைந்து. நான் என்றால் விதைக்கமாட்டேன்,” என்று சொல்லிவிட்டு வயலுக்குப் புறப்பட்டார். நான் எக்ஸ்பியை நிறுத்திவிட்டு, வேறொரு ட்ரைவ் தேட எழுந்தேன்.